தளபதிக்கு அடுத்த நாற்காலி

இந்தியக் கடற்படையில் தலைமைத் தளபதிக்கு அடுத்த நாற்காலி துணைத் தலைமைத் தளபதியுடையது. டெல்லியில் உள்ள கடற்படைத் தலைமையகத்தில் இருக்கிறது அந்த நாற்காலி. ஆண்டுதோறும் டிசம்பர் 4 அன்று கடற்படை நாள் கொண்டாடப்படும்போது செய்தியாளர்கள் முன் அமர்பவர் தலைமைத் தளபதி. புதிய கப்பலைச் சேவையில் சேர்க்கும் மேடையில் அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்பவரும் அவரே. அந்தக் கப்பல் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கான கோப்பைப் பல ஆண்டுகள் நகர்த்திய அலுவலகம் மேடையில் தென்படுவதில்லை. அது பெரும்பாலும் இரண்டாமவரின் அலுவலகம்.

கள்ளக்குறிச்சி போன்ற உள்நாட்டு மாவட்டத்தில் இருந்து பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு புதியதாகத் தோன்றினாலும் இதன் சாயல் பழக்கமானதுதான். மாவட்ட ஆட்சியரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மாவட்ட வருவாய் அலுவலரின் பெயர் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். நிலமெடுப்பு, பட்டா மேல்முறையீடு என்று கனமான கோப்புகள் அந்த மேசையைக் கடந்தே மேலே போகின்றன. ஆட்சியர் ஊரில் இல்லாத நாளில் பொறுப்பும் பெரும்பாலும் அங்கேயே வந்து சேர்கிறது. கடற்படையின் இரண்டாம் நாற்காலியும் இதே வகை. ஆனால் அங்கே கடந்து போகும் கோப்புகளில் விமானந்தாங்கிக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் இருக்கும்.

இந்தப் பதவியைப் பற்றிய தமிழ்ச் செய்திகளைப் படிப்பவருக்கு முதலில் வரும் குழப்பம் சொல்லில்தான். தலைமையகத்தில் தலைமைத் தளபதிக்குக் கீழே நான்கு முதன்மை அதிகாரிகள் உண்டு. ஒருவர் ‘வைஸ் சீஃப்’. மற்றொருவர் ‘டெபுடி சீஃப்’. மற்ற இருவர் ஆள் நிர்வாகத்தையும் தளவாடங்களையும் கவனிப்பவர்கள். வைஸ், டெபுடி இரண்டையும் நம் நாளிதழ்கள் ‘துணை’ என்றே எழுதிவிடுகின்றன. உண்மையில் இரண்டாம் இடம் வைஸ் சீஃபுக்கு மட்டுமே. டெபுடி சீஃப் அவருக்குக் கீழ்ப்பட்ட மூப்பில், அன்றாட நடவடிக்கைகளோடு தொடர்புடைய பிரிவுகளைப் பார்ப்பவர். இன்னொரு குழப்பமும் இதோடு சேர்கிறது. ‘வைஸ் அட்மிரல்’ என்பது பதவி அல்ல, தரம். துணைத் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் தரத்தில் இருப்பவர். ஆனால் வைஸ் அட்மிரல்கள் எல்லோரும் துணைத் தலைமைத் தளபதிகள் அல்லர். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய மூன்று பிராந்தியக் கட்டளைகளின் தளபதிகளும் அதே தரத்தினர். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் இவர்களும் துணைத் தலைமைத் தளபதியும் ஒரே படியில், மாதம் ரூ.2,25,000 என்ற நிலையான அடிப்படை ஊதியத்தில் இருக்கிறார்கள். தலைமைத் தளபதி ஒருவர் மட்டும் அதற்கு மேல், ரூ.2,50,000 என்ற படியில்.

இரண்டாமவர் என்ற ஏற்பாடு கப்பலில் பிறந்தது. தலைமையகம் அதைப் பிறகு எடுத்துக்கொண்டது. கரையை விட்டு விலகிய கப்பலுக்கு வெளியிலிருந்து மாற்றுத் தலைவரை அனுப்ப முடியாது. தலைவர் நோயில் விழுந்தாலும் சண்டையில் இறந்தாலும், அடுத்த நிமிடம் ஆணையிட ஒருவர் அதே கப்பலுக்குள் தயாராக இருந்தாக வேண்டும். போர்க்கப்பலில் இந்த இடம் எக்ஸிகியூட்டிவ் ஆபீசருடையது. வணிகக் கப்பலில் சீஃப் ஆபீசருடையது. போர்க்கப்பலில் எங்கே போவது, எப்போது சுடுவது என்பது தலைவரின் முடிவு. கப்பலின் அன்றாட ஒழுங்கு, ஆட்களின் பணிமுறை, துப்புரவு, தண்டனை, தீயும் துளையும் ஏற்பட்டால் அடைக்கும் ஏற்பாடு ஆகியவை இரண்டாமவரின் கையில். தலைவருக்கு ஓய்வாகச் சிந்திக்க நேரம் கிடைக்கிறதென்றால் அது இரண்டாமவர் தூங்காததால் கிடைத்த நேரம்.

தமிழ்க் கடற்கரையிலும் இந்த வரிசை புழக்கத்தில் உண்டு. தூத்துக்குடித் தோணிகளில் தலைவருக்குத் ‘தண்டல்’ என்று பெயர். அதே சொல் பிரிட்டிஷ் காலக் கப்பல்களில் ஒரு படி இறங்கிவிடுகிறது. அங்கே இந்திய மாலுமிகளான லஸ்கர்களுக்குத் தலைவர் ‘சாரங்’. அவருக்கு அடுத்தவர்தான் தண்டல். ஒரு மரக்கலத்தில் முதல்வனைக் குறித்த சொல், இன்னொரு கப்பலில் இரண்டாமவனைக் குறித்திருக்கிறது.

தமிழர் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த போர்க்கப்பலின் கதையே ஓர் இரண்டாமவரின் கதையாகவும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் ‘எம்டன்’ கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். நகரத்திலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு அன்று தொடங்கியது. கப்பலை மறந்த தலைமுறையும் சொல்லை மறக்கவில்லை.

அந்தக் கப்பலின் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர். இரண்டாமவர் ஹெல்முத் ஃபொன் முக்க. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேருடன் முக்க தரையிறங்கினார். அவர் கரையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ வந்துவிட்டது. ஆட்களைத் திரும்ப ஏற்ற நேரமில்லாமல் எம்டன் சண்டைக்குப் போனது. சிதைந்து அருகிலிருந்த தீவின் பவளப் பாறையில் ஏறி நின்றது. முல்லர் சிறைப்பட்டார். கரையில் நின்ற ஐம்பது பேருக்கு இனி முக்கவே தலைவர். தீவில் நின்றிருந்த ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி அவர்களைச் சுமத்ராவின் படாங் வரை கொண்டுபோனார். அங்கிருந்து ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலில் ஏமன் நாட்டின் ஹொடைடா. பிறகு அரேபியப் பாலைவனத்தின் ஓரமாக, வழியில் தாக்குதல்களைச் சந்தித்து, நோயிலும் சண்டையிலும் சிலரை இழந்து, 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தார். தலைவர் இல்லாத நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட முழுமையான விடை கடற்படை வரலாறுகளில் அதிகம் இல்லை.

தமிழ்நாட்டில் நீண்ட காலமாக வேறொரு கதை சொல்லப்படுகிறது: எம்டனில் இரண்டாம் பொறுப்பில் வந்தவர் செண்பகராமன் பிள்ளை என்பது. மேடைகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இன்றும் இதைக் கேட்கலாம். ஆனால் கப்பல் சென்னையைச் சுட்ட அந்த மாதத்தில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்து பெர்லினுக்குப் போனார். ஐரோப்பாவில் அவர் செய்த வேலையே அவரை நினைக்கப் போதுமான காரணம். கப்பலின் இரண்டாம் நாற்காலியை அவருக்குக் கடனாக வாங்கித் தர வேண்டியதில்லை.

இனி தலைமையகத்துக்குத் திரும்பலாம். தரையில் அமர்ந்த இரண்டாமவருக்கு வேலை வேறு வகைப்படுகிறது. பிராந்தியத் தளபதிகள் இன்றைய கப்பல்களை ஓட்டுகிறார்கள். துணைத் தலைமைத் தளபதியோ பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஓடப்போகும் கப்பல்களோடு நாளைக் கழிக்கிறார். எத்தனை கப்பல், எந்த வகை, எந்தத் தளத்தில் கட்டுவது, எதை வெளிநாட்டில் வாங்குவது, எதை இங்கேயே செய்வது, அதற்கு வரும் ஆண்டுகளின் நிதியில் இடம் எங்கே என்பவை அவர் பொறுப்பில் உள்ள திட்டப் பிரிவு, கொள்முதல் பிரிவு ஆகியவற்றின் கேள்விகள். பண அதிகாரமும் அதற்கேற்றதுதான். 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட நிதி அதிகாரப் பகிர்வு ஆணை, முப்படைகளின் துணைத் தலைமைத் தளபதிகளுக்கு வருவாய்ச் செலவினக் கொள்முதலில் ரூ.500 கோடியை உச்சவரம்பாக வைத்தது. உதிரிபாகம், வெடிமருந்து, பழுதுபார்ப்பு போன்றவை இந்த வகைச் செலவில் அடங்கும். அமைச்சகத்தின் படிகளில் கோப்பு ஏறி இறங்கும் மாதங்களை மிச்சம் பிடிப்பதே இதன் நோக்கம்.

கப்பல் கட்டுவதில் காலம் எவ்வளவு நீளமானது என்பதை விக்ராந்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இந்தியாவில் கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. நீளம் 262 மீட்டர். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் அதன் அடிமரம் 2009 பிப்ரவரியில் வைக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. 2022 செப்டம்பர் 2 அன்று சேவையில் சேர்ந்தது. அரசு அனுமதி கிடைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். துணைத் தலைமைத் தளபதியின் பதவிக்காலமோ பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைச் சுற்றி அமைகிறது. வைஸ் அட்மிரலுக்கு ஓய்வு வயது 60. ஆகவே ஒருவர் எழுதிய குறிப்பை அடுத்தவர் தொடர்ந்து, அதற்கு அடுத்தவர் பணம் ஒதுக்கி, இன்னொருவர் காலத்தில் கொடி ஏறுகிறது. நட்டவர் ஒருவர், நிழலில் நிற்பவர் வேறொருவர். 2014 முதல் 2016 வரை இந்த நாற்காலியில் இருந்த பி. முருகேசனின் காலத்தில் விக்ராந்த் நீரில் மிதந்தது, ஆனால் ஓடவில்லை. அவர் ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் அது படையில் சேர்ந்தது.

இந்த நாற்காலியில் அமர்ந்த தமிழர்களில் தனியாகச் சொல்ல வேண்டியவர் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இளம் அதிகாரியாக இருந்தபோதே வீரத்துக்கான பிரிட்டிஷ் பதக்கமான டி.எஸ்.சி. பெற்றார். 1960-களின் பிற்பகுதியில் துணைத் தலைமைத் தளபதியாக இருந்தார். அங்கிருந்து மும்பையின் மேற்குப் பிராந்தியத் தளபதியாகப் போனார். 1971-ல் விசாகப்பட்டினத்தின் கிழக்குப் பிராந்தியத் தளபதியானார். அந்த ஆண்டு வங்கதேசப் போர். பாகிஸ்தானின் நீர்மூழ்கி ‘காஸி’, அதே பெயரில் அப்போது இருந்த பழைய விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்திச் செய்திகளாலும் துறைமுகத்து நடமாட்டத்தாலும் உண்டாக்கினார். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட வெடிகளே காரணம் என்பது இந்தியாவின் கூற்று; உள்ளே நேர்ந்த வெடிப்பு என்பது பாகிஸ்தானின் கூற்று. தேடி வந்த கப்பல் அங்கே இல்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடையும் புகழ்பெற்ற படத்தில், அமர்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் கிருஷ்ணனும் ஒருவர்.

போர்க்களத்தில் அவர் காட்டிய சாமர்த்தியமே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு அவர் போய் அமர்ந்த இடமும் கவனிக்கத்தக்கது: அப்போது உருவாகிக்கொண்டிருந்த கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைவர் பதவி. திட்டமிடும் நாற்காலியில் இருந்தவர், கப்பலால் சண்டையிட்டவர், கடைசியில் கப்பல் கட்டும் இடத்துக்கே வந்து சேர்ந்தார். புதிய விக்ராந்த் பிறந்ததும் அதே தளத்தில்தான். இடையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன; கிருஷ்ணன் 1982-லேயே மறைந்துவிட்டார்.

இரண்டாம் நாற்காலியின் உண்மையான எடை தெரிவது முதல் நாற்காலி திடீரென்று காலியாகும் நாளில். 2014 பிப்ரவரி 26 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் இருந்த ‘சிந்துரத்னா’ நீர்மூழ்கியில் புகை மூண்டு இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், 2013 ஆகஸ்ட் 14 அன்று, ‘சிந்துரக்ஷக்’ நீர்மூழ்கி மும்பைத் துறைமுகத்திலேயே வெடித்து 18 பேர் மாண்டிருந்தார்கள். அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குத் தார்மிகப் பொறுப்பேற்று தலைமைத் தளபதி டி.கே. ஜோஷி அன்றே பதவி விலகினார். அரசும் அன்றே ஏற்றுக்கொண்டது. துணைத் தலைமைத் தளபதியாக இருந்த ஆர்.கே. தோவன் அந்த மாலையே பொறுப்புத் தலைமைத் தளபதியானார். மனம் சோர்ந்திருந்த படையை ஏறக்குறைய ஐம்பது நாள் அந்தத் தற்காலிகப் பெயரோடு நடத்தினார். ஏப்ரல் 17 அன்று அரசு அவரையே நிரந்தரத் தலைவராக்கியது.

இன்னொரு நிகழ்வு சென்னையிலேயே நடந்தது. கடற்படைக்குத் தம்பி போன்ற மற்றொரு கடல் சேவை இந்தியக் கடலோரக் காவல் படை. 1977 பிப்ரவரி 1 அன்று கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் தொடங்கியது அது. அந்தப் படகுகளில் ஒன்றின் பெயர் ‘பாம்பன்’. காவல் படையின் தலைவர் ‘தலைமை இயக்குநர்’. அடுத்த படியில் இருப்பவர்கள் ‘கூடுதல் தலைமை இயக்குநர்கள்’. அவர்களில் இருவர் மேற்குக் கடற்பரப்பையும் கிழக்குக் கடற்பரப்பையும் பார்க்கிறார்கள். தலைமையகத்தில் இருப்பவர் தலைவருக்கு வலக்கை. 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் வந்திருந்த அந்த நாளில், நிகழ்ச்சி ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்த தலைமை இயக்குநர் ராகேஷ் பாலுக்கு நெஞ்சில் உபாதை ஏற்பட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மாரடைப்பால் அன்றே காலமானார். கூடுதல் தலைமை இயக்குநராக இருந்த எஸ். பரமேஷிடம் பொறுப்பு போனது. அன்றிரவும் படையின் படகுகள் கடலில் ரோந்து போயின. மீட்பு மையத்தின் தொலைபேசிகள் இயங்கின. அக்டோபர் 15 அன்று பரமேஷ் முறைப்படி 26-வது தலைமை இயக்குநராகப் பதவியேற்றார்.

வெளிநாடுகளிலும் அண்மையில் இதுபோல நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் இரண்டாமவருக்கு ‘வைஸ் கமாண்டன்ட்’ என்று பெயர். 2016 முதல் அவர் நான்கு நட்சத்திர அட்மிரல். அந்த இருக்கையிலிருந்து 2022-ல் தலைமைக்கு உயர்ந்த லிண்டா ஃபேகனை 2025 ஜனவரியில் புதிய அரசு நீக்கியபோது, அப்போதைய வைஸ் கமாண்டன்ட் கெவின் லண்டே தற்காலிகத் தலைவரானார். பிரிட்டனில் அதே ஆண்டு மே மாதம் ‘முதல் கடல் பிரபு’ ஒதுங்கியபோது ‘இரண்டாம் கடல் பிரபு’ சில வாரங்கள் பொறுப்பைப் பார்த்தார். பிரிட்டன் இந்த இரண்டாமவருக்குப் பெயரிலேயே எண்ணைக் கொடுத்திருக்கிறது. நெல்சன் போரிட்ட ‘விக்டரி’ கப்பல் 2012 வரை இரண்டாம் கடல் பிரபுவின் கொடிக்கப்பலாகவே இருந்தது. இலங்கைக் கடற்படையில் இரண்டாம் இடம் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் படையை 1960 முதல் 1970 வரை தலைமையேற்று நடத்தியவர் ராஜநாதன் கதிர்காமர் என்ற தமிழர்.

இரண்டாமவர் அடுத்த முதல்வர் என்று எண்ணிவிடக் கூடாது. துணைத் தலைமைத் தளபதி இளவரசர் அல்ல. தலைமைத் தளபதியைப் பிரதமர் தலைமையிலான மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு தேர்ந்தெடுக்கிறது; மூப்பில் இருக்கும் எல்லா வைஸ் அட்மிரல்களும் கணக்கில் வருகிறார்கள். 2019-ல் கரம்பீர் சிங் கிழக்குப் பிராந்தியத்திலிருந்தும், 2021-ல் ஆர். ஹரி குமார் மேற்குப் பிராந்தியத்திலிருந்தும் தலைமைக்கு வந்தார்கள். 2024 ஏப்ரலில் தினேஷ் திரிபாதியோ துணைத் தலைமைத் தளபதி நாற்காலியிலிருந்தே உயர்ந்தார். தம் துணைகளைத் தலைமைத் தளபதி தாமே நியமித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கும் 1998-ல் கசப்பான விடை கிடைத்தது. டெபுடி சீஃப் பதவிக்கு அரசு தேர்ந்தெடுத்த அதிகாரியை ஏற்க மறுத்த தலைமைத் தளபதி விஷ்ணு பகவத், டிசம்பர் 30 அன்று பதவிநீக்கம் செய்யப்பட்டார். சுதந்திர இந்தியாவில் படைத் தலைவர் ஒருவர் அவ்வாறு நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. அவருக்குப் பின் வந்த சுஷில் குமார் நாகர்கோவிலில் பிறந்தவர். அந்த ஊருக்கும் கடற்படையின் உச்சிக்கும் உள்ள உறவு கிருஷ்ணனோடு முடியவில்லை.

நாகர்கோவிலுக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு அது இல்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காட்டில் இருந்தபோதும், மரக்காணம் கரையை உடைய விழுப்புரத்தில் இருந்தபோதும் கள்ளக்குறிச்சி கடலோர மாவட்டத்தின் பகுதி. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானபோதுதான் அதன் வரைபடத்திலிருந்து கடல் விலகியது. ஆனால் தண்ணீர் அந்த எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணையில் தங்கி, மணிமுக்தாற்றில் கலந்து, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவை அடைகிறது. அந்தக் கரையைக் காக்கும் கடலோரக் காவல் படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம் சென்னையில். 2009 பிப்ரவரியில், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எடுத்த முடிவின்படி, நாட்டின் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புக்குப் பொறுப்பு கடற்படைக்கு.

உள்நாட்டுக்காரர்களுக்கு இந்த நாற்காலி எட்டாததா என்றால், இல்லை என்பதற்கு அமராவதிநகரே சான்று. திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலையின் அடிவாரத்தில், அமராவதி அணைக்கு அருகில் 1962-ல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி அங்கே இருக்கிறது. சுற்றிலும் மலை, கடல் வெகு தொலைவில். அந்தப் பள்ளியில் படித்த ஜி. அசோக் குமார் 1982-ல் கடற்படை அதிகாரியானார். 2019 ஜனவரி 30 முதல் 2021 ஜூலை 31 வரை துணைத் தலைமைத் தளபதியாக இருந்தார். 2022-ல் நாட்டின் முதல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். மலையடிவாரத்து வகுப்பறையிலிருந்து கிளம்பியவர் தலைமையகத்தின் இரண்டாம் நாற்காலியை அடைய, அதிகாரியான நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

கல்வராயன் மலையின் அடிவாரம் அதைவிட ஏழ்மையானது. பள்ளிக்கு நடக்கும் தூரமும் அதிகம். வெள்ளிமலையில் பழங்குடியினருக்கான ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கீழே சமவெளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வழி இரண்டு இடங்களில் திறக்கிறது. ஒன்று, ஆறாம் வகுப்பில் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு. அதில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடங்கள் உண்டு. இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம். மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்போடு எழுதும் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வு. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். கடற்படைக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இங்கே இட ஒதுக்கீடு இல்லை. ஆகவே கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் முன்கூட்டியே ஆசிரியர் துணை கிடைக்காத பிள்ளை பின்தங்கிவிடுகிறது. மலையில் உள்ள பள்ளிகளுக்கு இந்தத் தேர்வுக்கான பயிற்சியைக் கொண்டுபோவது இன்னும் நடக்க வேண்டிய வேலை.

2022 முதல் அகாதமியில் பெண்களும் படிக்கிறார்கள். அவர்களில் முதல் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். புணேவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு கேரளத்தின் எழிமலையில் கடற்படைப் பயிற்சி, பிறகு கப்பல். விண்ணப்பத்தில் கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்றோ நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. நீச்சலை அகாதமியே கற்றுக்கொடுக்கிறது.